தகவு என்றால் என்ன, டீச்சர்?

கும்பகோணம்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள கயல்விழிக்கு,

அத்தை எழுதுகிறேன். மாமாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. புது ஊர், புதுப் பள்ளிக்கூடம் என்று அலைச்சலில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் என் கவலை.

வியாழக்கிழமை ராத்திரி நீ போனில் கேட்டது இன்னும் மனதிலேயே நிற்கிறது. பத்தாம் வகுப்புக்குப் ‘புள்ளியியலும் நிகழ்தகவும்’ பாடம் எடுத்துக்கொண்டிருந்தாய். கூறுவெளி, சமவாய்ப்புச் சோதனை எல்லாம் கரும்பலகையில் எழுதி, நாணயத்தைச் சுண்டிக் காட்டி, பின்னமும் போட்டு முடித்துவிட்டாய். அப்போது கடைசி பெஞ்சுப் பெண் எழுந்து, “டீச்சர், நிகழ்தகவுல ‘நிகழ்’ புரியுது. தகவுன்னா என்ன?” என்று கேட்டாள். “திங்கட்கிழமை சொல்றேம்மா” என்று சொல்லிவிட்டு வந்து என்னைக் கூப்பிட்டாய்.

நானும் போனில் சொல்லாமல், எழுதி அனுப்புகிறேன் என்றேன். அதற்குக் காரணம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையன் இதே கேள்வியை என்னிடம் கேட்டான். “அதெல்லாம் தமிழ் ஐயாகிட்ட கேளு. நீ சூத்திரத்தை எழுது” என்று உட்கார வைத்துவிட்டேன். அந்த வருஷம் முழுக்க அவன் என் வகுப்பில் வேறு எதுவுமே கேட்கவில்லை. எனக்கு அப்போது பதில் தெரியாது என்பதுதான் உண்மை. ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன். அந்தப் பையனுக்குச் சொல்ல வேண்டியதை உன் மாணவிக்குச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுமையாகப் படி.

முதலில் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘ப்ராபபிலிட்டி’க்கு மூலம் லத்தீன். ‘ப்ரோபுஸ்’ என்றால் நல்லவர், நேர்மையானவர். அதிலிருந்து ‘ப்ரோபாரே’: சோதித்துப் பார்த்தல், சோதித்து நல்லது என்று ஏற்றுக்கொள்ளுதல். அதிலிருந்து ‘ப்ரோபாபிலிஸ்’: ஏற்றுக்கொள்ளத் தக்கது, நம்பத் தக்கது. பகடையும் நாணயமும் பின்னமும் இந்தக் குடும்பத்தில் வெகு காலம் இல்லை.

இந்தக் குடும்பத்துப் பிள்ளைகளை உனக்கு நன்றாகத் தெரியும். அச்சகத்தில் ‘ப்ரூஃப்’ பார்ப்பது, எழுத்தைச் சோதிப்பது. உயிலுக்கு ‘புரொபேட்’ வாங்குவது, அது உண்மையான உயில்தான் என்று கோர்ட்டில் மெய்ப்பித்துச் சான்று பெறுவது. இன்னொன்று உன் தலைமேலேயே இருக்கிறது: ‘புரொபேஷன்’. நம் அரசாணைகளில் அதற்குத் தமிழ் என்ன? தகுதிகாண் பருவம். லத்தீன்காரன் ‘ப்ரோபாரே’ என்று சொன்னதை நம் அலுவலகத் தமிழ் ‘தகுதி காணல்’ என்று சொல்கிறது. இந்தத் ‘தகுதி’யை நினைவில் வைத்துக்கொள், கடைசியில் இதற்குத்தான் திரும்பி வருவோம்.

ரோமாபுரிப் பேச்சாளர் சிசரோ, கிரேக்கத் தத்துவத்தை லத்தீனில் எழுதியபோது இந்தச் சொல்லுக்குப் பெரிய வேலை கொடுத்தார். கார்னியடீஸ் என்ற கிரேக்க ஞானி, எதையும் அறுதியிட்டு அறிய முடியாது, ஆனாலும் மனதுக்கு ஏற்புடையதை வைத்துக்கொண்டு நடக்கலாம் என்று போதித்தவர். அந்த ‘ஏற்புடையது’ என்பதற்கான கிரேக்கச் சொல்லை சிசரோ ‘ப்ரோபாபிலே’ என்று பெயர்த்தார். முழு நிச்சயம் கைக்கு வராதபோது எதைப் பிடித்துக்கொண்டு நடப்பது என்ற கேள்வி அப்போதே இந்தச் சொல்லுக்குள் வந்துவிட்டது, பார்.

பிறகு ஐரோப்பாவின் இடைக்காலத்தில் ‘ப்ராபபிள்’ கருத்து என்றால் பெரியவர்கள், கற்றவர்கள் ஏற்ற கருத்து. எத்தனை முறை நடந்தது என்ற எண்ணிக்கை அங்கே கிடையாது. யார் சொன்னார் என்பதுதான் கேள்வி. 1577-இல் ஸ்பெயின் தேசத்துச் சலமாங்காவில் பர்த்தோலோமே தெ மெதினா என்ற துறவி ஒன்று எழுதினார்: ஒரு கருத்து ‘ப்ராபபிள்’ ஆக இருந்தால், அதற்கு மாறான கருத்து இன்னும் அதிக ‘ப்ராபபிள்’ ஆக இருந்தாலும், முதல் கருத்தின்படி நடப்பது குற்றமில்லை. இன்றைய அர்த்தத்தில் படித்தால் இது விளங்கவே விளங்காது. பழைய அர்த்தத்தில், ‘தக்க ஒரு பெரியவர் சொல்லியிருந்தால் போதும்’ என்று படித்தால் விளங்கும். அதிலுள்ள ஆபத்தும் விளங்கும். எந்தத் தப்புக்கும் ஆதரவாக எங்கேயாவது ஒரு பெரியவர் கிடைத்துவிடுவாரே!

அந்த ஆபத்தை எதிர்த்து எழுதியவர் யார் தெரியுமா? உன் பாடத்தோடு சேர்த்தே பேசப்படும் பிளேஸ் பாஸ்கல். 1656, 1657-இல் புனைபெயரில் அவர் வெளியிட்ட ‘ஊர்ப்புறக் கடிதங்கள்’ இந்த வாதத்தைப் பிடித்துக்கொண்ட பாதிரியார்களின் போக்கைத் துவைத்து எடுத்தன. அதே பாஸ்கல்தான் அதற்கு இரண்டே வருஷம் முன்னால், 1654-இல், ஃபெர்மா என்ற கணித அறிஞருடன் கடிதம் எழுதிக்கொண்டு சூதாட்டக் கணக்கைத் தீர்த்து வைத்திருந்தார். அந்தக் கணக்கை நீ வகுப்பில் செய்து காட்ட வேண்டும்.

இரண்டு பேர் ஆடுகிறார்கள். ஆளுக்கு 32 பொற்காசு பந்தயம், நடுவில் 64 காசு. யார் முதலில் மூன்று ஆட்டம் ஜெயிக்கிறாரோ அவருக்கு எல்லாம். ஒருவர் இரண்டு, மற்றவர் ஒன்று ஜெயித்திருக்கும்போது ஆட்டம் நின்றுவிடுகிறது. காசை எப்படிப் பிரிப்பது? பாஸ்கல் சொன்ன வழி இது. அடுத்த ஆட்டம் நடந்திருந்தால் என்ன ஆகும்? முன்னால் நிற்பவர் ஜெயித்தால் 64-ம் அவருக்கு. தோற்றால் இரண்டுக்கு இரண்டு, சமம், ஆளுக்கு 32. ஆக, ஜெயித்தாலும் தோற்றாலும் 32 அவருடையது. மீதி 32 யாருக்கு விழும் என்று தெரியாது. இருவருக்கும் வாய்ப்பு சமம், அதைப் பாதியாக்கு. 32-ம் 16-ம் 48. மற்றவருக்கு 16.

எத்தனை அழகு பார்த்தாயா! நடக்காத ஓர் ஆட்டத்துக்கு நியாயம் வழங்கியிருக்கிறார். இந்தக் கணக்கே ‘யாருக்கு எவ்வளவு தகும்’ என்ற கேள்வியில்தான் பிறந்தது. ஆனால் பாஸ்கலும் ஃபெர்மாவும் இந்தக் கணக்குக்கு ‘ப்ராபபிலிட்டி’ என்று பெயர் சூட்டவில்லை. எண் ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். ஒரே மனிதர் ஒரு கையால் எண்ணைப் பெற்றெடுத்தார், மறு கையால் அந்தச் சொல்லின் பழைய பொருளோடு சண்டை போட்டார். இரண்டும் ஒன்று சேரும் என்று அவர் நினைத்திருப்பாரோ என்னவோ, பாஸ்கல் 39 வயதில் போய்விட்டார்.

அவர் இறந்தது 1662. அதே வருஷம் அவருடைய நண்பர்கள் அர்னோவும் நிக்கோலும் ‘போர்ட் ராயல் தர்க்கம்’ என்று பெயர் பெற்ற நூலை வெளியிட்டார்கள். அதன் கடைசி அதிகாரங்களில்தான் எண்ணும் சொல்லும் கைகோத்தன. அங்கே இடியைப் பற்றி ஒரு பேச்சு வருகிறது. இடி இடித்தால் சிலர் நடுநடுங்குகிறார்கள். இடி விழுந்து சாகிறவர் இருபது லட்சம் பேரில் ஒருவர் இருந்தாலே அதிகம். பயம் என்பது கெடுதலின் அளவுக்கு மட்டும் இருந்தால் போதாது, அது வருவதற்கான ‘ப்ராபபிலிட்டி’யின் அளவுக்கும் இருக்க வேண்டும் என்கிறார்கள். அதே 1662-இல் லண்டனில் ஜான் கிராண்ட் என்ற துணி வியாபாரி, வாராவாரம் அச்சிட்ட சாவுப் பட்டியல்களைக் கூட்டிக் கழித்து, பிறக்கும் நூறு பேரில் 36 பேர் ஆறு வயதுக்குள் போய்விடுகிறார்கள் என்று மதிப்பிட்டு எழுதினார். பெரியவர் சொன்னதே சாட்சி என்று இருந்த காலம் போய், நடந்ததை எண்ணிப் பார்த்து அதைச் சாட்சியாக வைக்கும் காலம் வந்தது.

இதற்கு முழு உருவம் கொடுத்தவர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து யாக்கோப் பெர்னூலி. ‘ப்ராபபிலிட்டி’ என்பது நிச்சயத்தின் ஒரு பங்கு, முழுமைக்குப் பகுதி எப்படியோ அப்படி என்று வரையறுத்தார். நீ வகுப்பில் 0-க்கும் 1-க்கும் நடுவில் என்று சொல்கிறாயே, அந்த 1 முழு நிச்சயம். அவர் ஒரு ஜாடியைக் கற்பனை செய்தார். உள்ளே 3,000 வெள்ளைக் கல், 2,000 கறுப்புக் கல். நமக்கு அந்த விவரம் தெரியாது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் திரும்பப் போடுகிறோம். எத்தனை முறை எடுத்தால் உள்ளே இருக்கும் விகிதத்தை ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் பிசகாமல், ஆயிரத்துக்கு ஒன்று என்ற உறுதியோடு சொல்லலாம்? கணக்குப் போட்டு 25,550 முறை என்று விடை எழுதினார். நிறையப் பார்த்தால் தவறு குறையும் என்பது எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும். எவ்வளவு பார்த்தால் எவ்வளவு குறையும் என்று நிரூபிக்க அவருக்கு 20 வருஷம் பிடித்தது. 1705-இல் அவர் இறந்த பிறகு, 1713-இல்தான் புத்தகம் வெளிவந்தது. நூறு வருஷம் கழித்து லாப்லாஸ் என்ற கணித அறிஞர், சாதகமான வகைகளை மொத்த வகைகளால் வகுப்பது என்று நிலைநிறுத்தினார். உன் கரும்பலகையில் இருக்கும் சூத்திரம் அதுதான். ஆனால் அவர் ஒரு நிபந்தனையும் வைத்தார்: எல்லா வகைகளுக்கும் வாய்ப்பு சமமாக இருக்க வேண்டும். பிள்ளைகள் சூத்திரத்தை மனப்பாடம் செய்வார்கள், நிபந்தனையை விட்டுவிடுவார்கள். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். உன் அப்பாயி திண்ணையில் தாயம் ஆடுவாள், உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு பித்தளைக் கட்டை. ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: ஒன்று வெறுமை, மற்ற மூன்றில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி. தாயம் விழுந்தால்தான் காய் கட்டத்துக்குள் இறங்கும். நாலு பெருக்கல் நாலு, பதினாறு வகை. அதில் வெறுமையும் ஒன்றும், ஒன்றும் வெறுமையும் என்று இரண்டு வகைதான் தாயம். எட்டில் ஒன்று. அப்பாயி ஏழு தடவை உருட்டித் தாயம் விழாவிட்டால், “இந்தத் தடவை விழுந்தே தீரும்” என்பாள். கட்டைக்கு முந்தின உருட்டு ஞாபகம் இருக்காது, கண்ணு. எட்டு தடவை உருட்டியும் ஒரு தாயம்கூட விழாமல் போவது நூற்றுக்கு 34 முறை நடக்கும். ஒன்றில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் எட்டில் ஏழு பங்காக எட்டு முறை குறைத்துக்கொண்டே வந்தால் பிள்ளைகளுக்கே தெரியும்.

நாம் ‘தாயம் விழுந்தது’, ‘பரிசு விழுந்தது’, ‘சீட்டு விழுந்தது’ என்று சொல்கிறோம் அல்லவா? நாள் முழுக்க நம் வாயில் புழங்கும் ‘சான்ஸ்’ என்ற சொல்லும் விழுவதிலிருந்து வந்ததுதான். லத்தீனில் ‘காதெரே’ என்றால் விழுதல், அது பிரெஞ்சு வழியாகச் ‘சான்ஸ்’ ஆனது. ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு ஊரிலும் மனிதர்கள் கட்டை கீழே விழுவதைப் பார்த்து ஒரே மாதிரி பேசியிருக்கிறார்கள்.

ஆனால் அப்பாயியிடம் இன்னொரு பாதி இருந்தது. தெருவில் அவள் சீட்டு பிடிப்பாள். புதிதாக ஆள் சேர வந்தால் பவுனையோ வீட்டையோ பார்க்க மாட்டாள். “தக்கவளா?” என்று மட்டும் கேட்பாள். போன சீட்டில் தவணை தவறினாளா, பக்கத்து வீட்டில் வாங்கிய கைமாற்றைச் சொன்ன நாளில் கொடுத்தாளா, இதெல்லாம் அவள் மனக்கணக்கில் இருக்கும். சிசரோ சொன்ன ‘நம்பத் தக்கது’ அவளிடம் இருந்தது. பெர்னூலி ஜாடியிலிருந்து எடுத்துப் பார்த்த கற்களும் அவளிடம் இருந்தன. எழுத்தில் போடாமல் மனதில் போட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மற்ற மொழிக்காரர்கள் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்றும் பார்த்தேன். ஜெர்மன் மொழியில் ‘உண்மைபோல் தோன்றுவது’ என்ற பொருளில் ஒரு சொல். ரஷ்ய மொழியில் அதன் வேர் நம்பிக்கை. அரபியில் ‘இஹ்திமால்’, சுமத்தல் என்ற வேரிலிருந்து வருவது. இந்தியில் ‘பிராயிக்தா’, ‘பெரும்பாலும்’ என்பதிலிருந்து. தெலுங்கிலும் மலையாளத்திலும் ‘சம்பவம்’ என்பதன் உறவுச் சொல். ‘அசம்பாவிதம் ஏதும் நடக்கவில்லை’ என்று நம் பத்திரிகைகள் எழுதுவதும் அந்த வழிதான்: நடக்கும் என்று எதிர்பாராதது. சில மொழிகள் நிகழ்வதைப் பிடித்துக்கொண்டன, சில நம்புவதைப் பிடித்துக்கொண்டன.

தமிழ்ச் சொல் இரண்டையும் பிடித்துக்கொண்டது. நிகழ், தகவு. தகு என்பது வேர். தக்க, தகுந்த, தகுதி, தகாது எல்லாம் அதன் கிளை. அகராதியில் தகவுக்குத் தகுதி, பெருமை, நடுவுநிலைமை, நல்லொழுக்கம், அருள் என்று பொருள் வரிசையாக வருகிறது. அறிவியல் நூல்களில் விகிதத்துக்கும் தகவு என்று எழுதுவார்கள். ஆக ‘நிகழ்தகவு’ என்றால் ஒன்று நிகழ்வதற்கு உள்ள தகுதி, அந்தத் தகுதியின் அளவு. திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தின் நாலாவது குறளில் இந்தத் தகவு வருகிறது. ஒருவர் தக்கவரா இல்லையா என்பது அவருக்குப் பின் எஞ்சி நிற்பதை வைத்துத் தெரியும் என்பது அதன் கருத்து. கற்களை எண்ணிய பெர்னூலியும் தவணையை எண்ணிய அப்பாயியும் செய்தது அதுதானே? முகத்தைப் பார்த்துத் தகவு தெரியாது. எஞ்சியதை எண்ணினால் தெரியும்.

ஆகவே திங்கட்கிழமை அந்தப் பெண்ணிடம் இப்படிச் சொல்: “தகவுன்னா தகுதிம்மா. ஒரு விஷயம் நடக்கும்னு நாம எவ்வளவு நம்பத் தகும் என்கிற அளவு. அந்தத் தகுதியைச் சும்மா கொடுக்கக் கூடாது. சோதிச்சுத்தான் கொடுக்கணும்.” இது அவளுக்குப் பரீட்சையோடு முடிந்துவிடாது. நாளைக்கு ஒரு டாக்டர் “குணமாக எண்பது சதவீதம் வாய்ப்பு” என்று சொல்லுவார். “இத்தனை மாதத்தில் பணம் இரட்டிப்பாகும், நிச்சயம்” என்று ஒருவர் வாசலில் வந்து நிற்பார். அப்போது அவள் பயந்து ஒடுங்கவும் வேண்டாம், மயங்கிக் கையெழுத்துப் போடவும் வேண்டாம். “எத்தனை பேரைப் பார்த்துச் சொல்றீங்க? அவங்க என்னை மாதிரி ஆளுங்களா? இதுவரைக்கும் நீங்க சொன்னது எவ்வளவு தூரம் சரியா வந்திருக்கு?” என்று நிதானமாகக் கேட்டால் போதும். எண்ணுக்குப் பின்னால் இருக்கும் தகவைக் கேட்கத் தெரிந்த பிள்ளையை ஏமாற்றுவது கஷ்டம். நிகழ்தகவு பாடத்தை வைத்திருப்பதே அதற்காகத்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அப்பாயியின் தாயக்கட்டைகளைத் துணியில் சுற்றி நாளைக்குப் பார்சலில் அனுப்புகிறேன். ஐம்பது அறுபது வருஷம் உருண்டவை. ஒரு கட்டையில் மூன்று புள்ளி உள்ள பக்கத்தின் ஓரம் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது, தடவிப் பார்த்தால் விரலுக்குத் தெரியும். லாப்லாஸ் போட்ட நிபந்தனை இங்கேதான் வருகிறது. நாலு பக்கமும் சமவாய்ப்பு என்று நான் மேலே கணக்குப் போட்டேனே, அது இந்தக் கட்டைக்குத் தகுமா? எனக்குத் தெரியாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும். உன் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என்றாய். ஆளுக்கு நாலு தடவை உருட்டட்டும். மொத்தம் 160. சமவாய்ப்பு என்றால் தாயம் 20-ஐ ஒட்டி விழ வேண்டும். 16 வந்தாலும் 25 வந்தாலும் பதற வேண்டாம், அது இயல்பு. ஐந்தோ நாற்பதோ வந்தால் கட்டையைச் சந்தேகப்படலாம். கரும்பலகையில் எண்ணுகிற வேலையை அந்தக் கடைசி பெஞ்சுப் பெண்ணிடம் கொடு.

எத்தனை தாயம் விழுந்தது என்று எனக்கு எழுது. காத்துக்கொண்டிருப்பேன். அப்பாவையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அத்தை.